சுருங்காப் பட்டின் வாடை

"நாறுதுன்னு வாய் கூசாமச் சொல்லுதியே சம்மந்தி, தோல் கிட்டங்கிக்குப் பொறத்தால குடியிருக்கவளுக்கு மூக்குன்னு ஒண்ணு மிச்சம் இருக்கா?"

"இருக்கப் போய்த்தான சொல்லுதேன். தோல் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற. பொட்டியத் தொறந்தா கண்ணு கரிக்கு."

"கரிக்கும். அடுத்த வீட்டுப் பட்டப் பாத்தா சில பேருக்குக் கண்ணு கரிக்கத்தான் செய்யும்."

"எம் மவளுக்கு வந்த பட்டு எனக்கு அடுத்த வீட்டுப் பட்டா?"

"தாலி ஏறுற வரைக்கும் அது எங்க வீட்டுப் பட்டுதான். நெனப்பு இருக்கட்டும்."

மீனாட்சியம்மாள் குடையை மடக்காமலே வாசலில் நின்று பேசினாள். உள்ளே போனால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் காப்பி வரும். காப்பி குடித்த வாயால் சண்டை போட முடியாது. இது தெரியாதவளா அவள். உள்ளே நின்றிருந்த சொர்ணம்மாளின் குரல்தான் முதலில் இறங்கியது.

"மாத்தித் தந்திருங்க மைனி. வேற ஒண்ணும் கேக்கல. ஒரு கைத்தறிச் சேல எடுத்துத் தந்தாலும் சந்தோசமா வாங்கிக்கிடுதோம்."

"பரிசம் போட்ட புடவ வந்த வழியே திரும்பினா, பொண்ணும் ஒன் வீட்லயே இருக்கட்டும். எம் மவனுக்கு வேற எடம் பாக்க எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மீனாட்சியம்மாள் தண்ணீர் தேங்கிய சந்தில் செங்கல் செங்கலாகக் கால் வைத்துப் போனாள். அவள் பேசியது தாராவியில் ஒட்டு ஒட்டாக இருந்த அந்தச் சாளின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கேட்காதவர்களுக்குக் குழாயடியில் சொல்லப்பட்டது, கொஞ்சம் கூட்டியே.

சங்கதி இதுதான். சொர்ணம்மாளின் ஒரே மகள் பேராச்சிக்கும் மீனாட்சியம்மாளின் மகன் கோமதிநாயகத்துக்கும் ஆனிக் கடைசியில் பரிசம் போட்டார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் முகூர்த்தம். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தரும் புடவைதான் முகூர்த்தப் புடவை. முந்தியில் மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். தாலி ஏறும் வரைக்கும் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. தண்ணீர் பட்ட புடவை கட்டிய புடவைக்குச் சமம். கட்டிய புடவையோடு மணையில் உட்காருகிறவள் இரண்டாந்தாரத்துக்குச் சமம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஆனால் மீறிப் பார்த்தவர் யாரும் இல்லை.

மற்றவர்கள் ஊரிலிருந்து பட்டு வரவழைப்பார்கள். மீனாட்சியம்மாள் அப்படிச் செய்வாளா? மகன் ட்ராம்பேயில் அணு ஆபீசில் வேலை பார்க்கிறான். அங்கே அவன் கண்ணாடிக் குடுவை கழுவுகிறான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "சயின்ஸ்ல இருக்கான்" என்றுதான் சொல்லுவாள். சயின்சில் இருக்கிறவன் பெண்டாட்டிக்குப் பழைய மாதிரிப் பட்டு எடுக்க முடியுமா? காலாபாதேவி ஜவுளிக் கடைகள் பக்கம் போய்ப் புதிதாக வந்திருக்கும் சுருங்காப் பட்டில் அரக்குச் சிவப்பாக ஒன்று எடுத்து வந்தாள். பரிசத்தன்று எல்லோர் முன்னாலும் முந்தியைக் கைக்குள் வைத்துக் கசக்கிக் காட்டினாள். விட்டதும் அது பூனை சோம்பல் முறிப்பது போல விரிந்துகொண்டது, ஒரு கோடு இல்லாமல். சபையே வாயைப் பிளந்தது. அன்றைக்கு வெளியில் காற்றும் மழையும், வாசல் திறந்திருந்தது, பந்திச் சாம்பார் மணத்தில் வேறொன்றும் யாருக்கும் தெரியவில்லை.

பெட்டிக்குள் போன பிறகுதான் அது தன் வேலையைக் காட்டியது.

கல்யாணப் புடவை பார்க்க வருவது சாளில் ஒரு கடமை. முதலில் வந்தவள் எதிர்வீட்டு சுயம்புவின் பெண்டாட்டி. தகரப் பெட்டியைத் திறந்து புடவையை மடியில் வாங்கி, "நல்ல நெறம்" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "எங்கம்மா நெனப்பு வந்திட்டு" என்று சமாளித்துப் போனாள். அவளுடைய அம்மா ஊரில் திடமாக இருந்து மருமகள்களை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்தவளும் அழுதாள். அதற்கடுத்து வந்த இரண்டு பேர், எதற்குமே கலங்காத ஆட்கள், ரேஷன் கடையில் ஆண்களைத் தள்ளிவிட்டு முன்னால் போகிறவர்கள், அவர்களும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் எழுந்தார்கள். முகூர்த்தப் புடவையைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் அழுதுகொண்டே வெளியே வந்தால் சாள் சும்மா இருக்குமா?

"அணு வாடயாம்" என்றார்கள் குழாயடியில். "மாப்ள சட்டையில ஒட்டிக்கிட்டு வந்து புடவையில ஏறிட்டாம். ஆறு மாசத்துல முடி கொட்டும்."

"அதெல்லாமில்ல, பெட்டிக்குள்ள யாரோ இருக்காங்க" என்று வேறு சிலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

சொர்ணம்மாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு முதல் நாளே தெரியும். பெட்டியின் மூடி தூக்கியதும் அந்த வாடை மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்த நிமிஷத்திலேயே தெரியும். அது அவளுடைய புருஷன் வானமாமலையின் வாடை.

உயிரோடிருந்தபோது அவனுக்கு வேறு வாடை. பீடி, வியர்வை, துறைமுகத்துச் சாக்கு. இது கடைசியாக அவனிடமிருந்து வந்த வாடை. வடாலாவுக்கு அப்பால் கப்பல் சரக்கு இறக்கும்போது பாரம் சரிந்து அவன் மேல் விழுந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத பிணமாக, கெடாமலிருக்க மருந்து போட்டுச் சில நாள் வைத்திருந்தார்கள். ஆள் வீட்டுக்கு வரவில்லையே என்று தேடிப் போனவர்கள் கடைசியில் பிணவறை வாசலில் போய் நின்றார்கள். அடையாளம் சொல்லப் பெண்டாட்டி வரவேண்டும் என்றார்கள். சொர்ணம்மாள் உள்ளே போனாள். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த வாடை வந்து கண்ணில் அடித்தது. தாரை தாரையாகக் கொட்டியது. கூட வந்தவர்கள், "பாவம், என்னா அழுக அழுதா" என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். ஆனால் உள்ளே அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கல் மாதிரி நின்றாள். கண் பாட்டுக்கு ஊற்றியது. அது தன் அழுகையா, மருந்தின் அழுகையா என்று இத்தனை வருஷத்தில் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. வெளியே வந்து காற்றுப் பட்டதும் கண் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அழுகை வரவேயில்லை.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. உயிரோடிருந்தபோது வானமாமலைக்கும் மீனாட்சியம்மாளின் வீட்டுக்காரர் கணேசபாண்டியனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கணேசபாண்டியன் துறைமுகத்தில் மேஸ்திரி. சாளில் நடந்த அம்மன் கொடையில் முதல் வெற்றிலைத் தட்டு அவருக்குப் போனது. தனக்கு வரவேண்டியது என்று வானமாமலை நினைத்திருந்தான். அதற்கு அவனிடம் இருந்த காரணம் அவனுக்கு மட்டும்தான் புரியும். வீட்டுக்கு வந்து செம்பை உருட்டிவிட்டு, "அந்த வீட்டு நூல்கூட எம் வாசலுக்குள்ள வரப்படாது" என்று சொன்னான். அவன் செத்த பிறகு அந்த வீட்டு மனுஷர்தான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார், வண்டி பிடித்தார், தூக்கிப் போட்டார். இப்போது பெண்ணையும் கேட்டார்கள். பேராச்சிக்கும் இஷ்டம், பஸ் நிறுத்தத்தில் அவளும் கோமதிநாயகமும் ஒரே பஸ்சைத் தவறவிடுவதைச் சாளில் பார்க்காதவர்கள் கிடையாது. சொர்ணம்மாள் சரி என்றாள். நூல் என்ன, ஒரு முழுப் புடவையே வாசலுக்குள் வந்தது.

அந்தப் புடவை அவன் வாடையோடு வந்தால் அவள் என்ன நினைப்பாள்?

முதலில், மனுஷ யத்தனம் என்ன உண்டோ எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கொடியில் போட்டு உலர்த்தலாம் என்றால் ஆடி மாசத்து பம்பாயில் வெயிலை எங்கே தேட? வேப்பிலை போட்டாள். வெட்டிவேர் வைத்தாள். கற்பூரம் வைத்தாள். காப்பித்தூளைத் துணியில் முடிந்து மடிப்புக்குள் செருகினாள். நல்ல காப்பித்தூள் கெட்டதுதான் மிச்சம். அடுப்புக்கரி வாடையை இழுக்கும் என்று ஒருத்தி சொல்ல, கரித்துண்டுகளைச் சுற்றி வைத்தாள். கடைசியில் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுப் புடவையைக் கொடியில் விரித்துச் சாம்பிராணி போட்டாள். அதுதான் பெரிய பிசகு. பேய்க்குப் புகை போட்டால் ஓடும். இதற்குச் சூடு காட்டினால் பெருகியது. மழை ஈரமும் தணல் சூடும் சேர்ந்து வாடை எழுந்து நின்றது. இடமும் வலமும் இருந்த வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். யாருடைய குழந்தையோ வாந்தி எடுத்தது.

பக்கத்து வீட்டு அக்தர் பானு அன்றைக்கே சொன்னாள். அவளும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான். அவள் புருஷன் ஷேக் பரீத் அடுத்த சந்தில் மிஷின் போட்டுச் சட்டை தைத்துக் கொடுப்பவர். அங்கேதான் பேராச்சி பொத்தானுக்குக் காஜா எடுக்கப் போவாள்.

"இப்ப வர்ற சுருங்காத் துணி எல்லாமே இப்படித்தாங்க்கா. சுருக்கம் விழாம இருக்கக் கஞ்சி மாதிரி என்னமோ மருந்து போடுறாங்களாம். எங்க கடையில கட்டுப் பிரிக்கயில எல்லாரும் மூக்கப் பொத்திக்கிடுவோம். உப்புத் தண்ணியில ஒரு பகல் ஊறப்போட்டு அலசி விடுங்க, போயிரும்."

"தண்ணி படக்கூடாதே பானு."

"அப்பம் கண்ணீர்ல நனைங்க" என்று சொல்லிவிட்டு பானு போய்விட்டாள். கொஞ்சம் கோபம்தான். அவள் வீட்டு நெய்ச்சோறுகூடச் சாம்பிராணியும் மருந்துமாக மணத்துக்கொண்டிருந்தது.

சொர்ணம்மாள் பானு சொன்னதை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினாள். கடைக்காரன் மருந்து போட்டிருப்பான், சரி. ஆனால் ஊரில் இத்தனை புடவை இருக்க, அந்த மருந்து, அந்த வீட்டிலிருந்து, இந்த வீட்டுக்கு ஏன் வரவேண்டும்? அதற்குப் பிறகு வாடை பெட்டிக்குள் மட்டும் இருக்கவில்லை. சொர்ணம்மாளுக்கு உப்பு ஜாடியைத் திறந்தால் அடித்தது. தலையை அவிழ்த்தால் மயிரில் அடித்தது. சோற்றைப் பிசைந்தால் விரலுக்கிடையில் இருந்தது. பெட்டிச் சாவியை பானுவிடம் கொடுத்து வைத்தாள், அப்படியும் நின்றபாடில்லை. வாசலில் யாராவது வந்து நின்றால் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள், அப்புறம் ஆளைத் தாண்டி ஆளின் பின்னாலும் பார்ப்பாள். சாளில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தியதை வேறு சந்தில் போய்த் தொடர்ந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் அவள் புடவையை மாற்றித் தரச் சொல்லி ஆள் அனுப்பியதும், மீனாட்சியம்மாள் குடையோடு வந்து வாசலில் நின்றதும்.

சண்டை நடந்த மறுநாள் மத்தியானம். பேராச்சி காஜாக் கடைக்குப் போயிருந்தாள். மழை தகரக் கூரையில் கல்லை வாரிக் கொட்டுவது போல இறங்கியது. பகலிலேயே பல்பைப் போடவேண்டியிருந்தது. சொர்ணம்மாள் சாவியை வாங்கி வந்து பெட்டியைத் திறந்தாள். புடவையை எடுத்துக் கொடியில் போட்டாள். மற்றப் புடவையாக இருந்தால் குழைந்து தொங்கியிருக்கும். இது விறைப்பான துணி. கொடியில் தோளை உயர்த்திக்கொண்டு நின்றது. வானமாமலை கோபத்தில் நிற்பது அப்படித்தான். சொர்ணம்மாள் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னத்துக்கு வந்திருக்கீரு?" என்று கேட்டாள்.

மழை சத்தம்.

"நூலு வரப்படாதுன்னீரு, சரி. நீரு போன பொறவு யாரு வந்து எட்டிப் பாத்தா? ஒம்ம கூடப் பொறந்தவன் வந்தானா? அந்த மனுசன்தான வந்தாரு. ஒரு வெத்தலத் தட்டுக்கு இத்தன நாளா மொறச்சிக்கிட்டு நிக்கணுமா?"

முந்தி லேசாக அசைந்தது. கதவிடுக்கில் காற்று வரத்தான் செய்யும். சொர்ணம்மாளுக்குக் கண் எரிந்தது, தண்ணீர் இறங்கியது, கன்னம் நனைந்தது. உள்ளே அன்றைக்குப் போலவே ஒன்றுமில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. செத்தவன் வந்து எதிரே நின்றும் தனக்கு அழ வரவில்லை, மருந்துதான் அழுகிறது.

"சரி. ஒமக்கு இஷ்டமில்ல, அதான?" என்றாள். "திருப்பிக் கொண்டு போய்க் குடுத்திருதேன். போதுமா?"

அவள் புடவையை மடித்து வெள்ளைத் துணியில் கட்டி முடிக்கும்போது பேராச்சி வாசலில் நின்றிருந்தாள், பாதி நனைந்து. பின்னாலேயே அக்தர் பானுவும், ஒரே குடையில்.

"எங்கம்மா கெளம்புத?"

"அவங்க வீட்டுக்கு. பொருளத் திருப்பிக் குடுக்க."

"திருப்பிக் குடுத்தா கல்யாணம் கெடயாதுன்னு சொன்னாங்கல்லா?"

"ஒங்கப்பாவுக்கு இஷ்டமில்லட்டி."

பேராச்சி நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். அவள் கோபப்பட்டால் குரல் தணியும்.

"அப்பா எங்கிட்ட வந்து சொல்லட்டும். எனக்கும் மூக்கு இருக்கு. நான் அவர் மவதான். தெனமும் இதே வாடையிலதான் ஒக்காந்து காஜா எடுக்கேன், அங்கல்லாம் அப்பா வந்து நிக்கலியே? நீ இதக் கொண்டு போய்க் குடுத்தா நான் இந்த வீட்ல இருந்து யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன். கோமதி அத்தான் இல்லன்னா வேற ஆளு கெடயாது. சொல்லிட்டேன்."

"அவரு முகத்த நீ பாக்கலட்டி. நான் பாத்தேன். இதே வாட. மூக்கு நுனியில இருந்து கால் வரைக்கும் இதே வாட. அதோடதான் கொண்டாந்தாங்க, அதோடதான் எடுத்தாங்க."

அக்தர் பானு குடையை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அதோடயா எடுத்தீங்க?" என்றாள். "ஏன்க்கா, மய்யித்தக் குளிப்பாட்டலியா?"

"எங்க குளிப்பாட்ட? கிழிச்சுத் தச்சிச் சுத்திக் குடுத்தாங்க. கட்டப் பிரிக்கப்படாதுன்னு சொன்னாங்க. வண்டிக்காரன் நிக்கான், மழ ஊத்துது. அப்படியே கொண்டு போயிட்டாங்க."

"அல்லாவே" என்றாள் பானு மெதுவாக. "எங்கள்ல எப்பேர்ப்பட்ட சண்டாளன் மவுத்தானாலும் குளிப்பாட்டாம எடுக்க மாட்டோம்க்கா. அந்த மருந்தோடயேவா அனுப்பிட்டீங்க மனுசன?"

பானு குத்திக்காட்டவில்லை. உள்ளபடியே பதறித்தான் கேட்டாள். ஆனால் சொர்ணம்மாள் கையிலிருந்த பொட்டலத்தோடு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

சொர்ணம்மாளின் பக்கத்து வழக்கமும் அதுதான். ஊரில் ஒருவர் செத்தால் சொந்தபந்தம் நீர்மாலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரும். எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்து, உரிமைக்காரர்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றிக் குளிப்பாட்டி, புதுத்துணி போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். வானமாமலைக்கு அது நடக்கவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் மழைக்குப் பயந்து சொல்லவில்லை. இத்தனை நாள் சொர்ணம்மாள் அவன் கோபத்தை மட்டும் கணக்கு வைத்திருந்தாள். வெற்றிலைத் தட்டு, நூல், வாசல். அந்த ஆள் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அவள் எழுந்தாள். வெள்ளைத் துணியை அவிழ்த்தாள்.

"பேராச்சி, பெரிய சட்டிய எடு. சீயக்காத் தூளு பரண்ல இருக்கு."

"அம்மா, தண்ணி படக்கூடாதுன்னியே?"

"படட்டும்."

மழை விட்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் சாயங்கால நேரம். வரிசை நின்றது. தாராவியில் குழாய் வரிசை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும்: அங்கே ஒரு குடத்துக்காக மண்டை உடைந்திருக்கிறது, நிச்சயம் செய்த சம்பந்தம் முறிந்திருக்கிறது. அந்த வரிசைக்கு நடுவில் சொர்ணம்மாள் பெரிய அலுமினியச் சட்டியை வைத்து, அதற்குள் அரக்குச் சிவப்பு முகூர்த்தப் புடவையைப் போட்டாள். முதலில் தலைப்பில் நல்லெண்ணெய் மூன்று சொட்டு. பிறகு சீயக்காய். பிறகு முதல் செம்பு தண்ணீர். எண்ணெய் வைத்ததைப் பார்த்ததும் வயதானவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. புரியாதவர்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

மீனாட்சியம்மாளுக்குச் சேதி போக எவ்வளவு நேரம் ஆகும்? அவள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். பின்னால் மெதுவாகக் கணேசபாண்டியன் வந்தார்; மூட்டுவலிக்காரர்.

"பாவி, முகூர்த்தப் புடவையத் தண்ணியில போட்டுட்டியே. எம் மவனுக்கு ரெண்டாந்தாரமா கட்டி வைக்கப் பாக்கியா? முடிஞ்சிது. எல்லாம் முடிஞ்சிது. நாலு பேரு பாருங்க, இவ செஞ்ச வேலைய."

சொர்ணம்மாள் நிமிரவில்லை. "மைனி, இது அவருக்கு ஊத்துத தண்ணி" என்றாள். "அன்னைக்கு ஊத்தல. இன்னைக்கு ஊத்துதேன். நீங்க வேண்டாம்னு சொன்னா பொறவு சொல்லுங்க. இப்பம் கொஞ்சம் சும்மா இருங்க."

"எவருக்கு? என்ன ஒளறுத?"

கணேசபாண்டியன் சட்டியைப் பார்த்தார். மிதக்கும் எண்ணெயைப் பார்த்தார். சீயக்காய் நுரைக்கு அடியிலிருந்து அந்த வாடை கடைசியாக ஒருமுறை எழுந்து வந்தது. அவர் முகம் மாறியது. அந்த வண்டியில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன ஆள் அவர்.

"குளிப்பாட்ட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்" என்றார், பெண்டாட்டியிடம். "கட்டப் பிரிச்சா பொம்பளைக தாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன். மழையும் வந்திட்டு. நேராக் கொண்டு போவோம்னு நாந்தான் சொன்னேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். சொர்ணம்மாள் கையிலிருந்த செம்பை வாங்கினார். முன்னால் நின்றவள் குடத்திலிருந்து கேட்காமலே ஒரு செம்பு மொண்டு புடவையின் மேல் ஊற்றினார். கேட்காமல் எடுத்ததற்கு வேறு நாளாக இருந்தால் கொலை விழுந்திருக்கும். குடத்துக்காரி தானும் ஒரு செம்பு ஊற்றினாள். பிறகு பேராச்சி. பிறகு அக்தர் பானு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு. அப்புறம் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, காரணம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். சுயம்புவின் பெண்டாட்டி மட்டும் அரைச் செம்புதான் ஊற்றினாள்; அவள் எதையும் முழுசாகக் கொடுத்த சரித்திரம் கிடையாது. மீனாட்சியம்மாள் கடைசி வரைக்கும் ஊற்றவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்தியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தர்மம்.

தண்ணீர் முதலில் சிவப்பாகப் போனது, பிறகு இளஞ்சிவப்பாக, பிறகு தெளிந்தது. புடவையைப் பிழிந்து தூக்கியபோது அது குழைந்து தொங்கியது. விறைப்பு போய்விட்டது. நூறு சுருக்கம் விழுந்திருந்தது. மீனாட்சியம்மாள் முந்தியைக் கையில் வாங்கிக் கசக்கி விட்டுப் பார்த்தாள், கசங்கினபடியே கிடந்தது.

"இதுக்கா அவ்வளவு குடுத்து வாங்கினேன்" என்றாள் அழமாட்டாத குறையாக. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். சீயக்காய் மணம். வேறு ஒன்றும் இல்லை.

"பத்துத் தடவ நனைச்ச புடவ கட்டினாலும் அவ மொதத் தாரந்தான்" என்றார் கணேசபாண்டியன். "முகூர்த்தத்துக்கு இதையே கட்டட்டும். எவன் கேக்கான்னு பாப்போம்." மேஸ்திரியாக இருந்து பழகின குரல் அது. துறைமுகத்தில் இருநூறு பேர் அடங்கிய குரலுக்கு வீட்டில் ஒருத்தி அடங்கியது அதுதான் முதல் தடவை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சுருக்கம் விழுந்த பட்டைக் கட்டிக்கொண்டு பேராச்சி மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறும்போது ஒருத்தி கண்ணிலும் தண்ணீர் இல்லை. இப்படி ஈரமில்லாத கல்யாணத்தைப் பார்த்ததில்லை என்று சாளில் குறைபட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பந்தியெல்லாம் முடிந்து, மகளை அனுப்பிவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்து சொர்ணம்மாள் தகரப் பெட்டியைத் திறந்தாள். தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். தகரத்தின் வாடை. இன்னொரு தடவை இழுத்தாள். ஒன்றும் இல்லை. கரி இல்லை, கற்பூரம் இல்லை, அவனும் இல்லை. அவன் நிஜமாகவே போய்விட்டான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எந்த மருந்தும் இல்லாமல், சத்தம் போட்டு, விடியும்வரை காயாத கண்ணோடு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்தர் பானு எழுந்து வரப் போனாளாம். ஷேக் பரீத், "விடு, அழட்டும்" என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு சொர்ணம்மாளை மாட்டுங்கா மார்க்கெட்டில் ஜவுளிக் கடைகளில் பார்த்ததாகச் சொல்லுவார்கள். புதுக்கட்டுப் பிரிக்கும் நேரமாகப் பார்த்துப் போவாளாம். துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிற்பாளாம். "என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "சும்மா பாக்கேன்" என்று வைத்துவிட்டு வருவாளாம். சொன்னவர்கள் சொன்னதுதான். அவளிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

கோமதிநாயகத்துக்கு செம்பூர்ப் பக்கம் குடியிருப்பு கிடைத்து, பேராச்சியோடு அங்கே போனான். குடுவை கழுவுகிற வேலையிலிருந்து குடுவையை எண்ணி வாங்குகிற வேலைக்கு உயர்ந்தான் என்று கேள்வி. கணேசபாண்டியன் மூட்டுவலியோடு ஊருக்குத் திரும்பினார். மீனாட்சியம்மாள் போகமாட்டேன் என்று சண்டை போட்டுப் பிறகு போனாள். ஷேக் பரீத் குர்லாவில் பெரிய கடை பிடித்து அக்தர் பானுவைக் கூட்டிப் போனார். சொர்ணம்மாளை மகள் வந்து கூப்பிட்டாள். முதல் இரண்டு தடவை வரவில்லை என்றாள். பேரன் பிறந்த பிறகு அறையை நாகூர் கனி என்ற வளையல் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு, அவளும் செம்பூருக்குப் போய்ச் சேர்ந்தாள்.